குள்ளன் வீட்டுக் குடித்தனம்

தொண்ணூற்றிரண்டு ஐப்பசிக் கடைசியில் வந்த வெள்ளம் கோமுவின் குடிசையைக் கொண்டுபோனது. அதே மேட்டில் இருந்த கல்லறையை அதனால் அசைக்கக்கூட முடியவில்லை.

சேரன்மாதேவிக்குக் கிழக்கே தாமிரபரணி இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி ஒன்றாகச் சேரும். நடுவில் கிடக்கிற மேட்டுக்குக் குள்ளன்திட்டு என்று பேர். வெள்ளத்துக்கு முன்னால் அதில் நாலு குடிசை, நாற்பது வாழை, ஒரு குள்ளன் வீடு இருந்தன. வெள்ளம் வடிந்தபோது குள்ளன் வீடு மட்டும் நின்றது.

மார்பளவு உயரக் கல்பலகைகளைச் செங்குத்தாக நட்டு, மாட்டுவண்டி அகலத்தில் ஒரு கல்லை மேலே தூக்கி வைத்து மூடி, உள்ளே இன்னொரு பலகையால் இரண்டு அறையாகத் தடுத்திருந்தார்கள். முன்பக்கக் கல்லில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வட்ட ஓட்டை. இத்தனை சின்ன வாசல் வைத்துக் கட்டியவன் குள்ளனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. பழம்பொருள் இலாகா வேறு மாதிரி முடிவு கட்டியிருந்தது. இது பெருங்கற்காலத்து மக்களின் கல்லறை, மூவாயிரம் ஆண்டுக்கு முந்தியது, இதைச் சேதப்படுத்தினால், உருமாற்றினால், தவறாகப் பயன்படுத்தினால் மூன்று மாதச் சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று பக்கத்திலேயே ஒரு நீலப் பலகை நட்டிருந்தார்கள். வெள்ளத்தில் மிதந்து வந்த மரம் மோதிப் பலகையின் மேல்பாதி முறிந்துவிட்டது. எதற்குத் தண்டனை என்பது ஆற்றோடு போய், தண்டனை மட்டும் நின்றது.

மற்ற மூன்று குடும்பத்தாரும் சர்க்கார் ஒதுக்கிய இடத்துக்குப் போனார்கள். அது ஏழு மைல் தள்ளி ஒரு பொட்டல். வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் லாரி வரும் என்று சொன்னார்கள். கோமு போகவில்லை. அவளுக்கு அக்கரையில் அம்மையப்பன் ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற வேலை. விடியக்காலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். திட்டிலிருந்து ஆற்றில் இறங்கி நடந்தால் பத்து நிமிஷம். பொட்டலிலிருந்து முதல் பஸ்ஸே ஏழரைக்குத்தான். புருஷன் கொம்பையா செத்து ஆறு வருஷம். மகளைக் களக்காட்டில் கட்டிக் கொடுத்தாயிற்று. மில் வேலை போனால் சோறு போச்சு. அவள் யோசித்தது அவ்வளவுதான். பானை, அரிசி புடைக்கிற சுளகு, பாய் மூன்றையும் ஓட்டை வழியாக உள்ளே தள்ளிவிட்டு, பின்னாலேயே தவழ்ந்து போனாள்.

பொட்டலுக்குப் புறப்பட்ட பக்கத்துக் குடிசைக்காரி கன்னத்தில் கை வைத்தாள். "ஏளா, கல்லறைக்குள்ளயா குடியிருக்கப் போற? பயமா இருக்காது?"

"உசுரோட இருந்த புருசங்கூடவே பதினெட்டு வருசம் குடித்தனம் பண்ணியிருக்கேன். செத்தவன் என்ன செஞ்சிருவான்?"

உண்மையில் அந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. மழை இறங்கவில்லை. கார்த்திகைக் குளிர் ஏறவில்லை. முன்னறையில் அடுப்பு, உள்ளறையில் படுக்கை. நிமிர்ந்து நிற்க முடியாது, அவ்வளவுதான். மில்லில் பகல் முழுக்கக் குனிந்தே நிற்கிறவளுக்கு அது ஒரு பெரிய வித்தியாசமாகப் படவில்லை.

மார்கழியில் இலாகா ஆபீசர் வந்தார். பேர் சங்கரசுப்பிரமணியன். திருநெல்வேலி டவுன்காரர், நெற்றி நிறையத் திருநீறு. ஸ்கூட்டரைக் கரையில் நிறுத்தி, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்து ஆற்றைக் கடந்து வந்தவர், மூவாயிரம் ஆண்டுக் கல்லறையிலிருந்து புகை வருவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு உள்ள?"

ஓட்டை வழியாக முதலில் ஒரு சுளகு வந்தது. அப்புறம் கோமு வந்தாள்.

"வெலகி நில்லுங்க சார். வடிக்கப் போறேன்."

"ஏம்மா, இது பாதுகாக்கப்பட்ட சின்னம்."

"பாதுகாப்பா இருக்கப் போயித்தான் சார் நானும் வந்தேன். வெள்ளத்துல நின்னது இது ஒண்ணுதான்."

"இங்க ஆளு குடியிருக்கக் கூடாதும்மா. இது கல்லறை."

"கல்லறைல ஆளு இருந்தாம்லா சார்?"

"அவன் செத்தவன்."

"அப்ப செத்தாத்தான் எடம் குடுப்பிய."

சங்கரசுப்பிரமணியன் கெட்டவர் இல்லை. பையைத் திறந்து டேப்பை எடுத்தார்.

"சரி சார்," என்றாள் கோமு, "நா வெளிய வந்துருதேன். பத்தடி தள்ளி ஒரு ஓலைக் குடிசை போட்டுக்கிடுதேன்."

"நூறு மீட்டருக்குள்ள ஒரு கட்டடமும் எழும்பக் கூடாது. போன ஆனியிலதான் புது உத்தரவு வந்திருக்கு."

"நூறு மீட்டருன்னா எவ்வளவு தூரம் சார்?"

அளந்தார்கள். டேப்பின் ஒரு நுனியைக் கோமு கல்லறையோடு பிடித்துக்கொள்ள, மறுநுனியோடு ஆபீசர் நடந்தார். டேப் முடிந்த இடத்தில் குச்சி நட்டு, மறுபடி அங்கிருந்து பிடித்தார்கள். கிழக்கே அறுபத்திரண்டு மீட்டரில் தண்ணீர் வந்துவிட்டது. மேற்கே எழுபது. வடக்கும் தெற்கும் அதைவிடக் குறைவு. எந்தப் பக்கம் போனாலும் நூறு மீட்டர் முடிகிற இடத்தில் ஆறு இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கன கட்டிக்கிடலாமா சார்?" என்று கோமு ஆற்றைக் காட்டினாள்.

"அது எங்க இலாகா இல்லம்மா," என்றார் ஆபீசர். அறுபது நாளைக்குள் காலி செய்யும்படி ஒரு நோட்டீஸை எழுதி, ஒட்டுவதற்குக் கதவு இல்லாததால் அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு கோமு தாலுகா ஆபீஸ் வாசலுக்குப் போனாள். அங்கே ஒரு மடக்கு மேஜை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவர் தேவசிகாமணி. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதம் வாசிப்பார், மற்ற ஆறு நாளும் சட்டம் வாசிப்பார். நோட்டீஸை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏ கோமு, மனுசன் இருக்கதுக்குத்தான் அங்கன வழியில்ல. சாமி இருக்கலாம்."

"என்னய்யா சொல்லுதீய?"

"சட்டத்துல அப்படித்தான் இருக்கு. பழைய கட்டடத்துல பூசை நடந்துக்கிட்டு இருந்தா, அத யாரும் நிறுத்தக் கூடாது. அங்கன சாமி ஒண்ணும் இல்லையா?"

"குள்ளன்தான் இருந்தாங்காவ."

"குள்ளமாடசாமின்னு எழுதிக்கிடுதேன்." பேனா அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. "தலைமுறை தலைமுறையா நீங்கதான் வெளக்குப் போடுதீய. நோட்டீஸ் சாமிக்கே குடுத்த மாதிரி ஆவுது. இதுல ஆபீசரு கை வைக்க முடியாது."

கோமுவுக்குத் துணுக்கென்றது. "நீங்க வேதக்காரவுக. எங்க சாமியப் போயி நீங்க..."

"எனக்குக் கர்த்தர் ஒருத்தர்தான். ஒங்களுக்கு ஒண்ணு கூடுனா எவன் எண்ணிப் பாக்கப் போறான்? மனு இன்னைக்கே தபால்ல போயிரும். நீ போயிப் பீடத்தப் போடு."

ஆற்று மண்ணைக் குழைத்து, கீழே அகலமும் மேலே ஒடுக்கமுமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு பீடம் பிடித்தாள். மில்லிலிருந்து ஒரு கை சுண்ணாம்பு கொண்டுவந்து பூசி, மூன்று காவிக் கோடு இழுத்தாள். பக்கத்தில் ஒரு பிரம்பை நட்டாள். மூன்று நாளில் காய்ந்தது. ஊரில் எந்த மாடனும் இத்தனை சீக்கிரம் அவதரித்ததில்லை.

அறுபதாம் நாள் சங்கரசுப்பிரமணியன் இரண்டு ஆட்களோடு, ஒரு கடப்பாரையோடு வந்தார். ஈரக்காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு மேடு ஏறியவர் பீடத்தைப் பார்த்தார். விளக்கு எரிந்தது. அரளிப் பூ கிடந்தது. யோசிப்பதற்கு முன்னாலேயே அவர் கால் செருப்பை உதறிவிட்டது. அந்த நிமிஷத்தோடு நோட்டீஸ் முடிந்துபோயிற்று. குனிந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். கூட வந்தவர்கள் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

"வழிபாட்டுல இருக்குன்னு மேலிடத்துக்கு எழுதிருதேம்மா," என்றார் சன்னமாக. "அடுப்ப மட்டும் கொஞ்சம் வெளிய வச்சுக்கிடுங்க. கல்லு கரி புடிக்கி."

கோமு அன்றைக்குக் கால் நீட்டிப் படுத்தாள். அவள் செய்த ஒரே தப்பு, ஆபீசர் செருப்பைக் கழற்றியதை அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பத்துப் பேர் பார்ப்பார்கள் என்று நினைக்காமல் போனதுதான்.

சர்க்கார் ஆபீசரே கும்பிட்டுப் போன சாமி என்று இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இடிக்க வந்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். வெள்ளத்தைக் குறுக்கே கையை நீட்டித் தடுத்தது அதே சாமிதான் என்பது வெள்ளிக்கிழமை தெரியவந்தது. தடுத்தும் ஏன் நாலு குடிசை போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் தேங்காய் பழத்தோடு ஆற்றைக் கடந்து வந்தார்கள். கோமு ஓட்டை வழியாக வெளியே வருகிற ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காலைக்கடனுக்குப் போவது பெரிய பாடாகிவிட்டது.

பங்குனி பிறந்ததும் மில் முதலாளி அம்மையப்பனே வந்தார். கூட ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர். அவரோடு சேர்த்துப் பதினோரு பேர் என்பதால் திட்டில் கால் வைத்தபோதே அது கமிட்டி ஆகியிருந்தது.

"கோமு, சாமிக்கு முறையா ஒரு ஏற்பாடு பண்ணணும்," என்றார் அம்மையப்பன். "வருசாவருசம் கெடா வெட்டிக் கொடை குடுக்கணும். நீ சாமானையெல்லாம் எடுத்து வெளிய வை."

"எதுக்கு அண்ணாச்சி?"

"கோயிலுக்குள்ள பொம்பள குடியிருக்கலாமா? மாசாமாசம் தூரம் வரும். சாமிக்கு ஆவாது."

"எனக்கு நின்னு மூணு வருசமாச்சு அண்ணாச்சி."

பத்துப் பெரியவர்களும் ஆற்றைப் பார்த்தார்கள். அம்மையப்பன் மட்டும் அசரவில்லை. "அது ஒனக்குத் தெரியும். சாமிக்குத் தெரியுமா?"

'இந்தச் சாமி நான் பிடிச்ச மண்ணு, இதுக்கு ஒரு எளவும் தெரியாது' என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் சாமி போய்விடும். சாமி போனால் நோட்டீஸ் திரும்பி வந்துவிடும். சொல்லாவிட்டால் வீடு போகிறது. எப்படிப் பார்த்தாலும் வெளியேதான். பானையும் பாயும் ஓட்டை வழியாக வந்த வழியே திரும்பி வந்தன.

அன்றிலிருந்து அவளுக்கு மில்லில் உமி கொட்டி வைக்கிற கிட்டங்கி அறையில் படுக்கை. அதுவும் வைகாசிக் கொடை வரைக்குந்தான். கொடை முடிந்ததும் செங்கல் சூளைக்காரனுக்கு உமி சேர்க்க வேண்டும், கிட்டங்கி வேண்டும் என்று அம்மையப்பன் முதல் நாளே சொல்லிவிட்டார். உமித்தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் விடாமல் பிடித்தது. வைகாசிக்கு அப்புறம் எங்கே போய் இருமுவது என்பதுதான் அவளுக்கு ராத்திரியும் பகலும் யோசனையாக இருந்தது.

திட்டில் வேலை மும்முரமாக நடந்தது. ஓலைக் குடிசைக்கு இடமில்லாத அந்த மேட்டில் கல்லறைக்கு முன்னால் சிமென்ட் தளம் எழும்பியது. ஆற்றுத்துறையில் 'அருள்மிகு குள்ளமாடசாமி' என்று ஒரு வளைவு எழும்பியது. நாற்பதடி தள்ளி, குடை, கொட்டு, பாத்திரம் வைக்கக் கான்கிரீட் கூரையும் இரும்புக் கதவுமாக ஒரு சாமான் ரூம்பு எழும்பியது. சங்கரசுப்பிரமணியன் டேப்போடு வந்து அளந்தார். பன்னிரண்டு மீட்டர்.

"அண்ணாச்சி, இது நூறு மீட்டருக்குள்ள வருது."

"சாமிக்கு ஏது சார் மீட்டரு?" என்றார் அம்மையப்பன். "கொடைக்குக் கண்டிப்பா வந்துரணும். ஒங்களுக்குத்தான் மொத மரியாதை."

வில்லுப்பாட்டுக்காரர் ஒரு வாரம் மில்லில் தங்கி, சாமிக்குக் கதை கட்டினார். கைலாசத்தில் சிவபெருமானின் வேர்வையில் பிறந்து, அம்மைக்குக் கோபம் வந்து குள்ளமாகச் சபிக்கப்பட்டு, தாமிரபரணியில் மிதந்து வந்து, அம்மையப்பனின் கொள்ளுத்தாத்தா கனவில் தோன்றி இடம் கேட்டார் என்று போயிற்று கதை. மண்ணைக் குழைத்த கோமு அதில் எந்த அடியிலும் வரவில்லை.

கொடை அன்று காலையிலிருந்து மில் பெண்கள் ஐந்து பேருக்கும் திட்டில்தான் வேலை. பாத்திரம் தேய்த்தார்கள், தேங்காய் துருவினார்கள், மசாலா அரைத்தார்கள். நெல் அவிக்கிற ஆறு அண்டாக்களும் ஆற்றைக் கடந்து வந்து, பதினொரு கிடாயின் கறியோடு கொதித்துக்கொண்டிருந்தன. கோமு கையைத் துடைத்துக்கொண்டு அம்மையப்பனிடம் போனாள்.

"அண்ணாச்சி, கொடை முடிஞ்சா அந்த ரூம்பு அடுத்த வருசம் வரைக்கும் சும்மாதான கெடக்கும்? நா ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன். சாமானுக்குக் காவலாவும் இருக்கும்."

பட்டு வேட்டியில் நின்ற அம்மையப்பன் சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தார். "ஏளா, அது சாமி சொத்து. குடுக்கதுக்கு நா யாரு? சாமி சொன்னாக் குடுக்கேன். போயி வேலயப் பாரு."

உச்சிப் பொழுதில் மேளம் சூடு பிடித்தது. கமிட்டி நியமித்த சாமியாடி மில் லோடுமேன் சங்கிலிபூதத்தான். கச்சை கட்டி, சலங்கை கட்டி, மீசையை முறுக்கிவிட்டு நின்ற அவன்மேல் குள்ளமாடன் ஆறடி உயரத்தில் வந்து இறங்கினார். ஆடி முடித்து, முதல் குறியாக அம்மையப்பனுக்கு இன்னொரு மில் தருவதாக வாக்குச் சொன்னார். குலவை கிளம்பியது.

கோமு அகப்பையோடு அண்டா பக்கத்தில் நின்றாள். மூன்று மாத இருமல், காலையிலிருந்து வெறும் வயிறு, தலைக்கு மேல் வெயில், காதுக்குள் தவில். இவனுக்கு இன்னொரு மில்லா என்று நினைத்தது மட்டும் ஞாபகம். கால் தானாக ஆடியதா, அவள் ஆட்டினாளா என்று அப்புறம் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கொண்டை அவிழ்ந்தது. அகப்பை கீழே விழுந்தது. கூட்டம் விலகி வழி விட்டது.

"ஏலே அம்மையப்பா!"

மேளம் நின்றுவிட்டது. இருபது வருஷமாக அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய் அது. அம்மையப்பனின் கைகள் தாமாகக் கூம்பின.

"சாமி..."

"எனக்கு மொத வெளக்கு வச்சவள எங்கலே?"

"உமிக் கிட்டங்கில இருக்கா சாமி."

"நா கான்கிரீட்டு கேட்டனாலே? என் குடைக்கும் கொட்டுக்கும் ரூம்பு. அவளுக்கு உமியா? அவளுக்கு அந்த ரூம்பக் குடு."

கொடைகளில் சாமி ஏதாவது கேட்பது வழக்கந்தான். அதற்கு ஊர் சொல்கிற பதிலும் வழக்கந்தான். அம்மையப்பன் அதை மனப்பாடமாகச் சொன்னார். "அடுத்த கொடைக்குள்ள குறையில்லாமச் செஞ்சிருதோம் சாமி. இப்ப சந்தோசமா மலையேறணும்."

மற்ற சாமிகள் இந்த இடத்தில் திருநீறு போட்டுவிட்டு, ஆளை விட்டு இறங்கி மலையேறிவிடும். ஆடியவர் மயங்கி விழுவார், தண்ணீர் தெளிப்பார்கள், பந்தியில் இலை விழும். இந்தச் சாமி சிமென்ட் தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"ஏற மாட்டேன்."

சாமி மலையேறாமல் இலை போடக் கூடாது. அந்தப் பக்கத்தில் எல்லாக் கொடைக்கும் அது முறை. அறுநூறு பேர் கறிக்குழம்பின் வாசனையில் நின்றார்கள்.

சங்கிலிபூதத்தான் துள்ளி முன்னால் வந்தான். "நாந்தாம்லே சாமி! இவமேல வந்திருக்கது பேயி! வேப்பங்குழையக் கொண்டாங்கலே!"

"நீ சாமின்னா ஒன் வீட்டுக்குள்ள போயிட்டு வாலே," என்றாள் கோமு. "உள்ளறைல என்ன இருக்குன்னு சொல்லு பாப்பம்."

பூதத்தான் ஓட்டையைப் பார்த்தான். தன் தோளைப் பார்த்தான். தலையை நுழைத்துப் பார்த்தும் தோளுக்கு மேல் போகவில்லை.

"அவ அங்கன குடியிருந்தவல்லா? அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார் ஒரு கமிட்டிக்காரர்.

"குடியிருந்தவன்னு நீரே சொல்லுதீரு. அப்ப எடம் அவளுக்குத்தான வே?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. பூதத்தான் மேல் இருந்த சாமி அந்தச் சிரிப்பிலேயே மலையேறிவிட்டது. அவன் நிழல் பார்த்து உட்கார்ந்து சலங்கையை அவிழ்த்தான்.

மணி இரண்டாயிற்று. மூன்றாயிற்று. அண்டாக்களின் தீயைத் தணித்தார்கள். குழம்பின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. பிள்ளைகள் அழுது ஓய்ந்தன. காக்கைகள் மட்டும் முறை பார்க்காமல் சாப்பிட்டன. முதல் மரியாதைக்கு வந்த சங்கரசுப்பிரமணியன் சைவம். அவருக்கென்று தனியாக வைத்திருந்த தயிர்ச்சோற்றுக்கும் அதே முறை என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மையப்பன் திருநீறு வாங்குகிற மாதிரி குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "கோமு, போதும்ளா. நாளைக்கு வேல வேணுமா வேண்டாமா?"

கோமுவும் உதடு அசையாமல் சொன்னாள். "அவ இல்லலே. வந்தாச் சொல்லுதேன்."

அவள் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தொடை மரத்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர் கேட்டால் சாமிக்குத் தாகமா என்று ஆரம்பித்துவிடுவார்கள். எழுந்தால் முடிந்தது. நாளைக்கு உமிக் கிட்டங்கியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பந்திக்குக் காத்திருந்த பக்கத்திலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது.

"குடுத்துத் தொலையும்வே! ஒரு ரூம்புக்காண்டி ஊரையே பட்டினி போடுதீரு."

"சாமி மச்சு வீடா கேட்டுது? சாமான் ரூம்புதான?"

"இவருக்கு இன்னொரு மில்லு மட்டும் வேணும்."

கடைசிக் குரல் யாருடையது என்று அம்மையப்பன் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் இருநூறு பேர் நின்றார்கள். இருநூறு பேரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கும் பசித்தது.

"சரி சாமி," என்றார். "வாக்குக் குடுத்துட்டேன். ரூம்பு அவளுக்கு."

"வாக்கு வேண்டாம்லே. எழுதிக் குடு."

எழுதிக் கேட்ட சாமியை அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. அந்தத் திட்டில் பேனாவும் பேப்பரும் வைத்திருந்த ஒரே ஆள் சங்கரசுப்பிரமணியன். பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் அனுமதியில்லாமல் கட்டிய கட்டடத்தை ஒருத்திக்குக் குடியிருக்க ஒதுக்கி, அதைத் தன் கையாலேயே எழுத வேண்டிய நிலைமை. அவர் தயிர்ச்சோற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு, இலாகாவின் ஆய்வுப் படிவத்தைத் திருப்பிப் போட்டு முதுகில் எழுத ஆரம்பித்தார். அம்மையப்பன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினார். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார். அம்மையப்பன் தலையை ஆட்டினார். அதையும் எழுதினார்.

அம்மையப்பன் கையெழுத்துப் போட்டார். சாட்சியாகப் பூதத்தான் போட்டான். சாமி எந்தப் பேரில் கையெழுத்துப் போடுவது என்று ஒரு சந்தேகம் வந்து, கடைசியில் குங்குமத்தில் பெருவிரலை முக்கி ரேகை வைத்தது. சாவி மடியில் விழுந்தது. மேளம் முழங்கியது. கோமு மலையேறினாள். மயங்கி விழ வேண்டியது முறை. அதற்கு அவள் ஒன்றும் நடிக்க வேண்டியிருக்கவில்லை, மரத்த காலை ஊன்றியதும் தானாகவே விழுந்தாள்.

அன்றைக்கு முதல் இலை அவளுக்குத்தான் போட்டார்கள். வாய்க்குள் சோறு இருக்கும்போதே ஒருத்தி வந்து மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டாள். இன்னொருத்தி பசு மாட்டைப் பற்றிக் கேட்டாள். சங்கரசுப்பிரமணியன் தயிர்ச்சோற்று வாளியைக் காலி பண்ணிவிட்டு வந்து, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. அண்ணாச்சி ஒரு வரி சேக்கச் சொன்னாரு. 'மேற்படி சாமி மேற்படியாள்மேல் இறங்கி வருகிற காலம் வரைக்கும்'னு. ஒரு கொடைக்கு சாமி வராமப் போனா ரூம்பக் காலி பண்ணணும்."

கோமு எலும்பை உறிஞ்சி இலையோரம் வைத்தாள்.

"வருசத்துக்கு ஒரு நாளா சார்?"

"ஒரு நாள்தான்."

"மில்லுல தெனமுந்தான் ஆடுதேன். இது என்ன." கையைக் கழுவிவிட்டுக் கேட்டாள். "மேலிடத்துக்கு என்ன எழுதப் போறிய?"

அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த மாத அறிக்கையில் இப்படி எழுதினார்: 'சின்னம் நல்ல நிலையில் உள்ளது. வழிபாடு தொடர்கிறது. அருகில் காவலாளி அறை ஒன்று உள்ளது. காவலாளி ஒருவர் அங்கேயே தங்கியிருக்கிறார். அவருக்கு ஊதியம் கோரப்படவில்லை.' மேலிடத்துக்கு அது ரொம்பத் திருப்தியாக இருந்ததாம்.

சாமான் ரூம்பில் குடையும் கொட்டும் பாதி இடத்தை அடைத்துக் கிடந்தன. கோமு இருட்டுவதற்கு முன்னால் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கல்லறை வாசலில் அடுக்கிவிட்டு, சிமென்ட் தரையைப் பெருக்கி, பானையை உள்ளே வைத்தாள்.

மறுநாள் விடியக்காலை சங்கு ஊதிப் பத்து நிமிஷம் கழித்துத்தான் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தாள். அம்மையப்பன் வாசலில் நின்றார். பிந்தி வருகிறவளை அவர் எப்படிக் கூப்பிடுவார் என்பது அந்தக் களத்துக்கே தெரியும். வாயைத் திறந்தார். அவள் நெற்றியில் நேற்றைய திருநீறு அழியாமல் இருந்தது. மூடிக்கொண்டார்.

கறி வாசம் போகாத அண்டாவில் கோமு தண்ணீரை ஊற்றி, நெல்லைத் தட்டினாள்.